உளி தாங்கியில் கஞ்சத்தனம் வேண்டாம்



மரக் கடைசலில் இறங்கியிருக்கும் நம் பழைய மாணவர்கள் போனில் கேட்பதெல்லாம் மோட்டார் எத்தனை ஹெச்.பி., சக் எது நல்லது, உளி எந்தக் கம்பெனி என்பதுதான். டூல் ரெஸ்டைப் பற்றி, அதாவது உளி தாங்கியைப் பற்றி, ஒருவரும் கேட்பதில்லை. "அது லேத்தோடயே வருது சார்" என்கிறார்கள். கடைக்காரரோ, "12 அங்குலம் ஒண்ணு போதும், எல்லாத்துக்கும் ஆகும்" என்று தலையில் கட்டிவிடுகிறார். ஆகாது என்கிறேன் நான்.

வகுப்பில் நடத்திய நெம்புகோல் பாடத்தை நினைத்துப் பாருங்கள். இங்கே தாங்கிதான் ஆதாரப்புள்ளி. உங்கள் கை அதிலிருந்து 300 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். உளியின் முனை தாங்கியைத் தாண்டி 10 மி.மீ. நீண்டால், மரம் கொடுக்கும் அழுத்தத்தில் 30-ல் ஒரு பங்குதான் கைக்கு வரும். 30 மி.மீ. நீண்டால் 10-ல் ஒரு பங்கு. 60 மி.மீ. என்றால் 5-ல் ஒரு பங்கு. அதே கை, அதே உளி, ஆனால் பாரம் 6 மடங்கு! மரம் சட்டென்று உளியைக் கவ்வும்போது இந்தக் கணக்குக்குப் பதில் சொல்வது உங்கள் விரலும் மணிக்கட்டும்தான்.

ஆகவே தாங்கியின் முதல் வேலை மரத்தை ஒட்டி நிற்பது. பூரிக்கட்டை, கட்டில் கால் கடைய நீளத் தாங்கி சரி. கிண்ணத்தின் உட்புறம் குடைய அது உள்ளேயே நுழையாது. வெளியே நின்றபடி உளியை நீட்டுவீர்கள். அங்கேதான் ஆபத்து. நீளத் தாங்கி ஒற்றைத் தண்டில் நின்றால் அதன் ஓரங்கள் அதிரவும் செய்யும். 6 அங்குல நேர்த் தாங்கி ஒன்று, கிண்ணத்துக்கு வளைந்தது ஒன்று என இரண்டு வாங்குங்கள்.

"அந்தக் காலத்து ஆசாரி ஒரு கட்டையை வைத்தே கடையலையா?" என்று வாதம் செய்பவர்கள் உண்டு. கடைந்தார். வில்லும் கயிறும் இழுத்து ஓடிய கடைசல் அது. கட்டையையும் வேலைக்கு நெருக்கமாகவே வைத்தார். நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு மேல் ஓடும் மோட்டார் முன்னால் நின்றுகொண்டு அவரைச் சாட்சிக்கு இழுப்பது நியாயமில்லை.

வாங்கும் முன் தண்டின் விட்டத்தை வெர்னியரால் அளந்துவிடுங்கள். 1 அங்குலம் என்பது 25.4 மி.மீ.; சரியாக 25 மி.மீ. துளையில் அது இறங்காது. அடுத்து உயரம். உளியின் கனத்தையும் சேர்த்து, வெட்டும் முனை லேத்தின் மையத்துக்கு வரும் அளவு தாங்கி கீழே இறங்க வேண்டும். சின்ன லேத்துக்கு உயரமான தாங்கியை வாங்கிவிட்டு அவதிப்படாதீர்கள். மேல்விளிம்பு வழுவழுப்பான கெட்டி எஃகுக் கம்பியாக இருந்தால் நல்லது. வார்ப்பிரும்பில் உளி பட்டுப் பட்டுப் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் உளி தடுக்கும். அப்படி விழுந்தால் அரம் போட்டுச் சமப்படுத்துங்கள்.

லேத் ஓடும்போது தாங்கியை நகர்த்தாதீர்கள். நிறுத்தி, நகர்த்தி, இறுக்கி, மரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிட்டே சுவிட்சைப் போடுங்கள்.

சக்குக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்கள் தாங்கிக்கு மட்டும் பேரம் பேசுவதை நான் சிக்கனம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், கணக்கோடு எழுதுங்கள்.

உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்