பழைய பயனரை மறக்கலாமா?

சென்ற ஆண்டு விடுதி நண்பர்களுக்காக உலாவி நீட்சி ஒன்றைச் செய்தேன். இணையப் பக்கங்களில் தமிழ் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் சிறு கருவி. பன்னிரண்டு பேர் பயன்படுத்தினர். இரண்டாம் பதிப்பில் எழுத்தளவோடு வரி இடைவெளியையும் சேர்த்துச் சேமிக்க விரும்பி, சேமிப்பின் பெயரையே மாற்றிவிட்டேன். இரண்டு நாளில், காலை உணவு நேரத்தில் ஒன்பது பேர் என்னைச் சூழ்ந்துகொண்டனர். அவரவர் தேர்ந்த அளவு மறைந்து, எழுத்துகள் மீண்டும் எறும்பாய் ஊர்ந்தனவாம்!

பிழை என்னுடையதே. புதிதாக நிறுவுவோரை நினைத்து நிரல் எழுதினேன். ஏற்கெனவே இருந்தவர்களை மறந்துபோனேன். குரோம் உலாவி சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகவே புதிய பதிப்பைத் தேடி எடுத்துக்கொள்கின்றது. பெரும்பாலும் பயனரைக் கேட்பதில்லை. நண்பர்களே, கேளாமல் வீட்டுக்குள் நுழைபவன் அங்குள்ள பொருளையும் இடம் மாற்றி வைக்கலாமா?

வழி இல்லாமல் இல்லை. நீட்சி புதுப்பிக்கப்பட்டதும் உலாவி அதனைத் தெரிவித்து, முந்தைய பதிப்பின் எண்ணையும் தருகின்றது. அப்போதே பழைய மதிப்பைப் படித்துப் புதிய வடிவில் எழுதிவிடலாம். எழுதியவுடன் பழையதை அழித்துவிட வேண்டும் என்றான் அறை நண்பன். நான் உடன்படவில்லை. ஒத்திசைவுச் சேமிப்பு, ஒரே பயனரின் பல கணினிகளுக்கும் பொதுவானது. விடுதி மடிக்கணினியில் புதிய பதிப்பு வந்திருக்கும். ஊரில் இருக்கும் கணினியிலோ பழைய பதிப்பே ஓடிக்கொண்டிருக்கும். இங்கே அழித்தால் அங்கே குழப்பம். அந்தச் சேமிப்பில் ஏறத்தாழ 100 கிலோபைட் இடம் உண்டு. ஓர் எண்ணை இன்னும் இரண்டு பதிப்புகளுக்கு வைத்திருந்தால் என்ன குடியா முழுகிவிடும்?

அனுமதியின் கதை வேறு. மேனிஃபெஸ்ட் கோப்பில், எச்சரிக்கைக்கு உரிய புதிய அனுமதி ஒன்றைச் சேர்த்தால், பயனர் ஒப்பும்வரை குரோம் அந்த நீட்சியையே முடக்கிவைக்கின்றது. ஃபயர்பாக்ஸோ, ஒப்புதல் கிடைக்கும்வரை பழைய பதிப்பையே தொடரவிடுகின்றது. என் வாக்கு ஃபயர்பாக்ஸுக்கே! குரோமிலும், அதனை விருப்ப அனுமதியாக அறிவித்துவிட்டு, அந்த வசதியைப் பயனர் நாடும்போது மட்டும் கேட்டுக்கொள்ள இடமிருக்கின்றது. சோம்பலால்தான் பலர் எல்லாவற்றையும் முதலிலேயே கேட்டுவிடுகின்றனர் என்பது என் கருத்து.

மூன்றாம் பதிப்பை இவ்வாறே அனுப்பினேன். அந்த வாரம் முழுவதும் காலை உணவின்போது எவரும் என்னைத் தேடி வரவில்லை.