நிரந்தரம் என்பது வெளியேறும் கதவு

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாட்கள் உட்கார்ந்திருந்தபோது, நம் பக்கத்திலிருந்தே ஒரு வாதம் வந்தது: பணி நிரந்தரம் கேட்பது குலத்தொழிலை நிரந்தரமாக்கச் சொல்வதாகும் என்று. கேட்க முற்போக்காகத்தான் இருக்கிறது. நள்ளிரவில் அவர்களை அள்ளி வண்டியில் ஏற்றிய பிறகும் அந்தக் குரல் ஓயவில்லை.

ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டால் துடைப்பம் வேறு சாதியின் கைக்குப் போய்விடுமா, தோழர்களே? அதே பெண், அதே தெரு, அதே குப்பை வண்டி. பறிபோவது, அந்த வேலையை விட்டு இன்னொரு வேலைக்குப் போகும் உரிமை மட்டுமே.

அரசுப் பணி விதிகளில் 'பணிமாறுதல் மூலம் நியமனம்' என்று ஒன்று உண்டு. அலுவலக உதவியாளராகச் சேர்ந்த ஒருவர், உரிய கல்வித்தகுதி இருந்தால், அந்த வழியில் இளநிலை உதவியாளராகலாம். அதற்குப் பணிப்பதிவேடு வேண்டும், பணிமூப்பு வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இரண்டும் கிடையாது. அவர் எந்தப் பணியிலிருந்து எந்தப் பணிக்கு மாறுவார்?

2019இல் கோவை மாநகராட்சி 549 தூய்மைப் பணியாளர் இடங்களுக்கு விண்ணப்பம் கேட்டது. சுமார் 7,000 பேர் வந்தார்கள், பொறியியல் பட்டதாரிகள் உட்பட. அரசுச் சம்பளம் என்றால் எல்லாச் சாதியும் வரும். துடைப்பம்தான் எல்லாக் கைக்கும் போவதில்லை. இது எப்படி நடக்கிறது என்பதை என் கள ஆய்வில் ஒரு நகராட்சியில் பார்த்தேன். தலித் அல்லாதவர்கள் தூய்மைப் பணியாளராகச் சேர்ந்த சில மாதங்களிலேயே கணினி முன்னாலும் வரி வசூல் பிரிவிலும் உட்கார்ந்திருந்தார்கள். 'மாற்றுப் பணி' என்று அதற்குப் பெயர். உத்தரவு எங்கே என்று கேட்டேன். வாய்மொழியாம். (சாதிக்கு எப்போதுமே காகிதம் பிடிக்காது.) பி.காம். முடித்த அருந்ததியர் பெண் ஒருவர் அதே நேரத்தில் சாக்கடை ஓரம் நின்றிருந்தார். சம்பளப் பட்டியலில் எல்லோருக்கும் ஒரே பதவிப் பெயர்தான்.

ஆக, மாறுவதற்கு வழி இருக்கிறது; அது யாருக்குத் திறக்கிறது என்பதுதான் சண்டை. குலத்தொழில் ஒழிய வேண்டும் என்று உண்மையிலேயே நினைப்பவர்கள் நிரந்தரத்தை எதிர்க்க மாட்டார்கள். நிரந்தரத்தோடு சேர்த்து, படித்த தூய்மைப் பணியாளருக்குப் பணிமூப்பு அடிப்படையில் எழுத்துப்பூர்வமான பணிமாறுதல் கேட்பார்கள். வாய்மொழி மாற்றுப் பணி அத்தனையையும் ரத்து செய்யச் சொல்வார்கள்.

அதற்கு முதலில் கணக்கு வேண்டும். உங்கள் ஊர் நகராட்சியில் தூய்மைப் பணியாளர் பதவியில் சம்பளம் வாங்கிக்கொண்டு வேறு வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், எந்த உத்தரவின்படி? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கக் கட்டணம் 10 ரூபாய்.