பி.பி. மாத்திரையால் சர்க்கரை வருமா?

"டாக்டர், பி.பி. மாத்திரை சாப்பிட்டதாலதான் சர்க்கரை வந்துச்சுன்னு யாரோ சொல்லிட்டாங்களாம். பத்து நாளா மாத்திரையைத் தொடலை. நான் சொன்னா கேட்டாத்தானே?"

கண்கலங்கச் சொன்னார் அந்த அம்மா. கணவருக்கு வயது 56. ரத்த அழுத்தம் பார்த்தேன். 180/110! வெறும் வயிற்றில் சர்க்கரை 148. எட்டு வருஷமாக ஒரே சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். மடிப்பில் கிழிந்து, செலோ டேப் ஒட்டிய அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். கையெழுத்து என்னுடையது.

அவர் கேள்விப்பட்டது முழுப் பொய் இல்லை. அதுதான் சிக்கல்.

நாம் சாப்பிடும் உணவிலுள்ள சர்க்கரை தசைகளுக்குள் போகக் கதவைத் திறந்துவிடுவது இன்சுலின். சில மாத்திரைகள் அந்தக் கதவைக் கொஞ்சம் இறுக்கிவிடும். சிறுநீரை அதிகம் பிரிக்கும் தயாசைடு வகை மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். அது குறைந்தால் கணையம் இன்சுலின் சுரப்பதும் மந்தமாகும். அட்டினலால், மெட்டோப்ரலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் தசைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். எடையும் லேசாகக் கூடலாம். அம்லோடிபின் இந்த விஷயத்தில் சாது. எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் வகைகளோ சர்க்கரை விஷயத்தில் நமக்கு அனுகூலம்தான். ஆனால் கர்ப்பிணிகளுக்கு இவை கூடவே கூடாது.

சரி, ஆபத்து எவ்வளவு? அமெரிக்காவில் நடந்த 'ஆல்ஹாட்' என்ற பெரிய ஆய்வின் முடிவு 2002-ல் வெளிவந்தது. ஆரம்பத்தில் சர்க்கரை இல்லாதவர்களில், நாலு வருஷம் கழித்து, தயாசைடு குடும்பத்து குளோர்தாலிடோன் சாப்பிட்டவர்களில் 11.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். அம்லோடிபினில் 9.8; லிசினோப்ரிலில் 8.1. அதாவது, நூறு பேருக்கு மூன்று நான்கு பேர் வித்தியாசம். எந்த மாத்திரை சாப்பிட்டாலும் எட்டுப் பேருக்கு வந்துதான் இருக்கிறது! இன்னொன்றையும் கவனியுங்கள். மாரடைப்பைத் தடுப்பதில் குளோர்தாலிடோன் மற்ற இரண்டுக்கும் இளைத்ததில்லை.

ஆகவே மாத்திரையை வில்லனாக்காதீர்கள். கட்டுப்படாத ரத்த அழுத்தம் பக்கவாதத்தைக் கொண்டுவரும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி, மாரடைப்பு வரைக்கும் போகலாம். மாரடைப்பு வந்தவர்கள் பலருக்கு அதே மாத்திரைதான் உயிர்க்காவல்.

என் அபிப்பிராயத்தில் குற்றவாளி மாத்திரை இல்லை. வருஷக்கணக்கில் மாறாத அந்தப் பழைய சீட்டுதான். அதில் எங்களுக்கும் பங்கு உண்டு. மாத்திரை எழுதும்போதே, "சர்க்கரை பார்த்துட்டு வாங்க, ஆறு மாசத்தில் திரும்ப வாங்க" என்று அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான். பி.பி. மாத்திரை தொடங்குமுன் சர்க்கரை, பொட்டாசியம், கிரியாட்டினின் பாருங்கள். சில மாதம் கழித்து ஒருமுறை, பிறகு வருஷாவருஷம். அப்பா, அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தாலோ, உங்களுக்குத் தொப்பை இருந்தாலோ டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு பீட்டா பிளாக்கரும் தயாசைடும் சேர்ந்த மாத்திரையை, வேறு அவசியம் இல்லாவிட்டால், தவிர்ப்பது நல்லது. ஏற்கெனவே இன்சுலின் போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பீட்டா பிளாக்கர் சாப்பிட்டால், சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பும் கை நடுக்கமும் தெரியாமல் போகலாம். காரணமில்லாமல் வியர்த்துக்கொட்டினால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள்.

அந்தக் கணவருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்தேன். "அப்போ சர்க்கரை போயிடுமா டாக்டர்?" என்றார். அப்படி வாக்குக் கொடுக்க முடியாது. அவர் அப்பாவுக்கும் சர்க்கரை. வயிறும் பெல்ட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கிறது. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் அவர் கையில். சீட்டைப் புதுப்பிப்பது எங்கள் இரண்டு பேர் கையிலும்.

உங்கள் வீட்டு மருந்து டப்பாவில் இருக்கும் சீட்டில் என்ன தேதி போட்டிருக்கிறது? இன்றைக்கே எடுத்துப் பாருங்களேன்.