வளர்ற பிள்ளை, லூசாவே எடு!

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார்.

"ஜெர்கினா? கள்ளக்குறிச்சியிலயா? சார், இங்க மே மாசம் வந்து பாருங்க. தோலையே கழட்டி மாட்டணும்போல இருக்கும்."

நான் கேட்டது மே மாசத்துக்கு இல்லை, மார்கழிக்கு. விடிகாலையில் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குச் சைக்கிளில் போவதாகத் திட்டம். இதைச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது. ஏணி போட்டு மேல் தட்டில் ஏறி, தூசி தட்டி, ஒன்றை எடுத்துப் போட்டார். எக்ஸெல். எனக்கு 'எம்' தாராளம். மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். மிச்சமிருந்த இடத்தில் இன்னொருவரைக் குடிவைத்து வாடகை வாங்கலாம்.

"ரொம்ப லூசா இருக்கே?"

"லூசா இருந்தாத்தான் சார் நல்லது. காத்தோட்டமா இருக்கும்!"

குளிருக்கு வாங்குகிற சட்டையில் காற்றோட்டம்! இருந்தும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். கடைக்காரர் ஏணியில் ஏறி இறங்கிய பிறகு 'வேண்டாம்' என்று சொல்லும் தைரியம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது.

தமிழர்களாகிய நமக்குக் குளிர் என்றால் ஊட்டி, கொடைக்கானல். அதுவும் மூன்று நாள் லீவில் போய்ப் பார்த்துவிட்டு வரும் சுற்றுலாத்தலம். மற்றபடி நம் ஊரில் ஏது குளிர் என்பது ஐதீகம். மார்கழி விடியலில் பால் கேனைக் கட்டிக்கொண்டு போகிறவரையும் பேப்பர் போடும் பையனையும் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். நாம் கேட்பதில்லை. அந்நேரத்துக்கு நாம்தான் தூங்கிக்கொண்டிருக்கிறோமே.

ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு, ஆறரை டிகிரி குறையும். இது பள்ளிக்கூடப் பாடம். கல்வராயனில் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பகுதிகள் உண்டு. பெரிய கல்வராயன் கிட்டத்தட்ட நாலாயிரம் அடி. கீழே கள்ளக்குறிச்சியில் லேசாகச் சிலிர்க்கிற காலையில் மேலே பல் கிட்டும். இதோடு சைக்கிளின் வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றே வீசாத நாளிலும் இறக்கத்தில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்கு முப்பது கிலோமீட்டர் வேகக் காற்று இலவசம்.

அன்று எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஏறும்போது குளிரே தெரியவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பாதியை மிதித்தும் மீதியைத் தள்ளியும் கடந்தேன். தள்ளியது அதிகம். பனியன் தொப்பலாக நனைந்தது. வெள்ளிமலையில் ஒரு டீ. திரும்பி இறங்க ஆரம்பித்த இரண்டாவது நிமிஷம், கழுத்து வழியாகவும் கை வழியாகவும் காற்று உள்ளே புகுந்து அந்த எக்ஸெல் ஜெர்கின் பலூனாக உப்பியது. பருத்திப் பனியன் ஈரம். தண்ணீர், காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். அதாவது நான் ஐஸ் ஒத்தடத்தை மார்பில் கட்டிக்கொண்டு மலை இறங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வளைவில் பிரேக்கைப் பிடித்தேன். பிடித்தேனா என்று விரலுக்கே தெரியவில்லை.

ஓரமாக நிறுத்திக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பையன் வந்தான். பதினோராம் வகுப்பாம். அரசாங்கம் கொடுத்த சைக்கிள். மேலே ஒரு பழுப்பு ஸ்வெட்டர். கை நுனிகள் யானைத் தும்பிக்கை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன.

"கை எங்க தம்பி?"

"உள்ள இருக்கு சார்."

"பிரேக் எப்படிப் பிடிக்கிறே?"

"துணியோட சேத்துப் புடிப்பேன் சார். சில நேரம் வழுக்கும்."

"இது யாரோடது, இவ்வளவு பெரிசா?"

"அண்ணனோடது. அவன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான்."

"மடிச்சு விட்டுக்கலாமே?"

"மடிச்சா குளிருது சார்."

பதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவன் போய்விட்டான். அந்தத் தும்பிக்கைக் கையோடு அடுத்த வளைவில் திரும்பியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு இது ஒரு நாள் கூத்து. அவனுக்குத் தினசரி.

நம் வீடுகளில் ஒரு பொன்மொழி உண்டு. 'வளர்ற பிள்ளை, ரெண்டு சைஸ் பெரிசாவே எடு.' இதைச் சொல்லாத தாய் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. நானே என் மகனுக்குச் சொல்லியிருக்கிறேன். நான் படித்தது பி.காம்., எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம் தேய்மானம். அந்தக் கணக்குப்படியே பார்ப்போம். ஒரு ஸ்வெட்டரின் ஆயுள் மூன்று வருஷம் என்று வையுங்கள். முதல் வருஷம் தொளதொள. இரண்டாம் வருஷம் அளவு கூடிவரும்போது கம்பளி இளைத்து முழங்கை தெரியும். மூன்றாம் வருஷம் கைப்பிடி மேலே ஏறிவிடும். ஆக, முழு விலை கொடுத்து வாங்கிய பொருள் சரியாகப் பொருந்தியது ஒரு சீஸன்கூட இல்லை. இதற்குப் பெயர் சிக்கனமா? எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

சாதாரணச் சட்டை என்றால் லூசாக இருப்பதில் மானம் மட்டும்தான் போகும். குளிர்ச்சட்டை அப்படியில்லை. நம்மைச் சூடாக வைத்திருப்பது கம்பளி அல்ல, கம்பளி பிடித்து வைத்திருக்கும் அசையாத காற்று. உடை தொளதொளவென்றால் அந்தக் காற்று நிற்காது, வெளியிலிருந்து வருகிற குளிர்காற்று துரத்திவிடும். ரொம்ப இறுக்கம் என்றாலும் ஆபத்துதான். காற்றுக்கே இடமில்லாமல் நசுங்கும், ரத்த ஓட்டமும் தடைபடும். ஆக, தடிமனைவிட அளவுதான் முக்கியம். அளவு தப்பினால் ஆயிரம் ரூபாய்க் கம்பளியும் கோணிச்சாக்கும் ஒன்று.

அதிலும் சைக்கிள்காரன் உடம்பு தனி. கடையில் கண்ணாடி முன்னால் விறைப்பாக நின்று போட்டுப் பார்க்கிறோம். சைக்கிளில் யாராவது விறைப்பாக நிற்கிறார்களா? முதுகு வளையும், கை முன்னால் நீளும். உடனே சட்டையின் பின்பக்கம் மேலே ஏறி இடுப்பில் ஒரு ஜன்னல் திறக்கும். கை நுனி மணிக்கட்டை விட்டுப் பின்வாங்கும். அதனால்தான் சைக்கிளுக்கென்றே தைக்கும் உடையில் முதுகுப்பக்கம் முன்பக்கத்தைவிட நீளம், கை கொஞ்சம் நீளம், மணிக்கட்டில் இறுக்கமான ரிப், கழுத்தில் ஏற்றி இறக்க ஒரு ஜிப். மேலே ஏறும்போது ஜிப்பை இறக்கிவிட்டு வேர்வையை ஆறவிடலாம், இறங்கும்போது ஏற்றிக்கொள்ளலாம். கீழே பேண்ட் கால் செயினில் மாட்டாமல் கணுக்காலோடு நிற்க வேண்டும். மஃப்ளரும் துப்பட்டாவும் சக்கரத்துக்குப் பிரியமான உணவு. முடிந்து உள்ளே சொருகாமல் ஏறாதீர்கள். உடம்போடு ஒட்டும் உள்சட்டை மட்டும் பருத்தி வேண்டாம், வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளாத துணி வேண்டும். இதில் ராக்கெட் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது? ஒரு நல்ல டெய்லருக்கு அரை மணி நேர வேலை.

'அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு சார்' என்பீர்கள். வெள்ளைக்காரனும் பட்டுத்தான் திருந்தினான். 1988 ஜூன் 5 அன்று இத்தாலியின் ஜிரோ சைக்கிள் பந்தயத்தில் காவியா கணவாய் மேல் கொட்டோ கொட்டென்று பனி கொட்டியது. ஆண்டி ஹாம்ப்ஸ்டன் என்கிற அமெரிக்கரின் அணி நிர்வாகிகள் முன்கூட்டியே உஷாராகி, பனிச்சறுக்குக் கடையில் கையுறையும் கம்பளியும் வாங்கி வைத்திருந்தார்கள். நெதர்லாந்துக்காரர் யோஹான் வான் டெர் வெல்டே அரைக்கைச் சட்டையோடு எல்லோருக்கும் முன்னால் உச்சியைத் தொட்டார். தொட்டு என்ன பிரயோசனம்? இறக்கத்தில் உறைந்துபோய் பாதியில் நின்று, முக்கால் மணி நேரம் பின்தங்கித்தான் அன்று எல்லைக்கோட்டுக்கு வந்து சேர்ந்தார். அந்த வருஷப் பந்தயத்தையே ஹாம்ப்ஸ்டன் வென்றார். ஏற்றத்தில் முதலிடம், இறக்கத்தில் அவஸ்தை. வீரம் காரணம் இல்லை, சட்டை காரணம்.

ஐரோப்பாவில் மலை இறங்குகிற சைக்கிள்காரர்கள் சட்டைக்குள் செய்தித்தாளைச் சொருகிக்கொள்வது பழைய வழக்கம். காற்றை அது நன்றாகத் தடுக்கும். பேப்பருக்கு நெஞ்சில் இடம் கிடைக்கிற ஒரே சந்தர்ப்பம் என்பதால் ஒரு பத்திரிகைக்காரனாக எனக்கு இதில் தனி சந்தோஷம்.

சரி, திருப்பூருக்கு வருவோம். அந்தப் பையனின் அண்ணன் வேலை செய்கிற ஊர். உலகத்துக்கே பின்னலாடை தைத்து அனுப்புகிற ஊர். ஜெர்மனிக்காரனின் தோள் எத்தனை இஞ்ச், அவன் மனைவியின் கை எத்தனை இஞ்ச் என்பதெல்லாம் அங்கே அத்துப்படி. ஒரு இஞ்ச் தப்பினால் ஆர்டரையே திருப்பி அனுப்பிவிடுவான். நம் பிள்ளைகளின் தோள் எத்தனை இஞ்ச்? இந்தியர்களுக்கென்று ஓர் அளவுப் பட்டியலே இல்லாமல்தான் சுதந்திரம் வாங்கிப் பல பத்தாண்டுகளை ஓட்டினோம். அமெரிக்கன் சைஸ், யூகே சைஸ் என்று இரவல் உடம்பில் வாழ்ந்தோம். தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட், இருபத்தைந்தாயிரம் பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் 'இந்தியா சைஸ்' திட்டத்தைக் கையில் எடுத்ததெல்லாம் சமீபத்திய சங்கதி. அதிலும் வயது 15 முதல் 65 வரை. பதினாலு வயசுப் பிள்ளைக்கு அங்கேயும் இடமில்லை.

இப்போது நம் அரசாங்கத்தின் கணக்கைப் பாருங்கள். தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு 2001-02ல் இலவச சைக்கிள் தர ஆரம்பித்தார்கள். 2005-06ல் அதை எல்லோருக்கும் விரிவாக்கினார்கள். எந்த ஆட்சி வந்தும் நிறுத்தத் துணியாத அருமையான திட்டம். நான் கேலி செய்யவில்லை, மனதாரச் சொல்கிறேன். இந்த சைக்கிள் பதினோராம் வகுப்பில் வரும். மலைப்பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்பளி ஸ்வெட்டர் தரும் திட்டமும் இருக்கிறது. அது சத்துணவுப் பட்டியலில் இருக்கும் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு.

புரிகிறதா? எட்டாவதோடு ஸ்வெட்டர் நிற்கும். பதினொன்றில் சைக்கிள் வரும். நடந்து போகிற வயசில் குளிர்ச்சட்டை உண்டு. காற்றைக் கிழித்துக்கொண்டு சைக்கிளில் இறங்குகிற வயசில் கிடையாது. சைக்கிள் கொடுத்த கோப்பும் ஸ்வெட்டர் கொடுத்த கோப்பும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை போலிருக்கிறது.

'அய்யா, ரோடே ஒழுங்காக இல்லாத மலைக்கு ஜெர்கின் ஒரு கேடா?' என்று ஒரு நண்பர் கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம். கல்வராயன் 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் இருந்த மலை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகுதான் மலையில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்வியே ஊருக்கு வந்தது. சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டு சாலை எங்கே, அடிப்படை வசதி எங்கே என்று கேட்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் கல்வராயன் என்றால் நமக்கு என்ன? சாராய ஊறல், மேகம் அருவி. இரண்டே செய்திதான்.

ஆனால் நண்பரே, 'முதலில் ரோடு, அப்புறம் பஸ், அப்புறம் ஆஸ்பத்திரி, கடைசியாகச் சட்டை' என்று வரிசை போடுவது கீழே உட்கார்ந்திருக்கிற நாம்தான். குளிர் வரிசையில் நிற்பதில்லை. ரோடு வருகிற வரைக்கும் அந்தப் பையன் பிரேக் பிடிக்காமல் இருக்க முடியுமா? நான் கேட்பது லைக்ராவும் விளம்பரமும் ஒட்டிய பந்தய உடை அல்ல. சைக்கிளோடு அளவெடுத்துத் தைத்த ஒரு காற்றுத்தடுப்புச் சட்டை. தைப்பதற்கு ஆள் இல்லையா? பள்ளிச் சீருடை தைக்கிற மகளிர் தையல் கூட்டுறவு சங்கங்கள் இருக்கின்றன. துணிக்குத் திருப்பூர் இருக்கிறது. டெண்டரில் எத்தனை கிராம் கம்பளி, என்ன நிறம் என்றெல்லாம் பத்தி பத்தியாக எழுதத் தெரிந்தவர்களுக்கு 'ஹாண்டில்பாரைப் பிடித்த நிலையில் கை மணிக்கட்டை மூட வேண்டும்' என்று ஒரு வரி எழுத வராதா?

அடுத்த நாள் அந்த எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சியில் ஒரு டெய்லரிடம் போனேன். வயசானவர். காதில் பென்சில். 'நேரா நில்லுங்க' என்றார். சைக்கிளுக்கு என்றேன். உடனே இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"வண்டில ஏறி உக்காருங்க. கையை முன்னால குடுங்க. இப்ப குனிங்க."

நடுத்தெருவில் நான் குனிந்திருக்க, பின்னால் நின்று முதுகை அளந்தார். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பக்கவாட்டில் மூன்று இஞ்ச் பிடித்தார். அங்கே மிஞ்சிய துணியை முதுகுப்பக்கம் கீழே சேர்த்தார். கையில் எலாஸ்டிக் வைத்தார். சாயங்காலம் ரெடி.

"இப்படி உட்கார வெச்சு அளக்கறது எங்க கத்துக்கிட்டீங்க?"

"இதுல கத்துக்க என்ன சார் இருக்கு? ஆள் எப்படிப் போவாரோ அப்படித்தானே அளக்கணும்?"

கூலி நூற்று இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார். மலையிலிருந்து யாராவது ஸ்வெட்டர் கொண்டுவந்து அளவு குறைக்கச் சொல்லிக் கேட்பார்களா என்று விசாரித்தேன்.

"பெரிசு பண்ணத்தான் சார் கேப்பாங்க" என்றார்.