அடையாளம் தெரியாத வாகனம்

நாளிதழின் உள்பக்கத்தில், சந்தை நிலவரத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் நடுவே, அந்தச் செய்தி அடிக்கடி வந்துவிடும். நான்கு வரிகள்தான். ‘அடையாளம் தெரியாத வாகனம் மோதி புள்ளிமான் பலி.’ ஊர் மாறும். விலங்கு மாறும். ஒரு நாள் மயில், ஒரு நாள் சிறுத்தை. வாகனம் மட்டும் மாறுவதில்லை. அதற்கு என்றைக்குமே அடையாளம் தெரிவதில்லை.

பலி என்பது தெய்வத்துக்குப் படைப்பதைக் குறித்த சொல். இங்கே படைக்கப்பட்டது எந்தத் தெய்வத்துக்கு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், அரை மணி நேரம் முன்னதாக ஊர் போய்ச் சேர்வதற்கு என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகிறது மலைச்சாலை. மழைக்காலத்துக் காலைப்பொழுதில் அதில் நடந்து போகிறவருக்கு ஒன்று புரியும்: காரில் போகிறவர்கள் பார்க்கும் சாலை வேறு, நடப்பவர் பார்க்கும் சாலை வேறு. தாரில் ஒட்டிக்கிடக்கும் இலை என்று நினைத்துக் குனிந்தால் அது தவளை. நாலடி தள்ளி இன்னொன்று. கறுப்பு நாடாபோல் கிடப்பது கேடயவால் பாம்பு. மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து, மழைக்கு மட்டும் மேலே வரும் சாதுவான, நஞ்சில்லாத ஜீவன். இந்த மலைகளில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் பலர் அதை உயிரோடு பார்த்ததே கிடையாது. பார்த்ததெல்லாம் சாலையில் நசுங்கிக் கிடந்ததைத்தான்.

காரின் ஜன்னலில் முகம் பதித்திருக்கும் குழந்தைக்கும் சில சமயம் ஏதாவது கண்ணில் பட்டுவிடும். “அப்பா, அது என்ன?” என்று கேட்கும். “ஒன்றுமில்லை, அந்தப் பக்கம் பார், அருவி” என்று பதில் வரும். அப்பாவைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் அது என்னவென்று தெரியாது. அடையாளம் தெரியாமல் போவது வாகனம் மட்டுமல்ல.

இந்தப் பிராணிகள் ஏன் சாலைக்கு வருகின்றன? வழி தவறி வருவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை தம் வழியில்தான் போகின்றன. குறுக்கே வந்தது சாலை. தவிர, சாலையே அவற்றை அழைக்கவும் செய்கிறது. பகலெல்லாம் வெயில் குடித்த தார், இரவிலும் வெதுவெதுப்பாக இருக்கும். குளிர் ரத்தப் பிராணியான பாம்பு அந்தச் சூட்டுக்காக வந்து படுக்கும். பக்கி என்ற இரவுப் பறவை தரையோடு தரையாகப் பதுங்கிப் பூச்சி பிடிக்கச் சாலையில் உட்காரும். லாரியிலிருந்து சிந்தும் தானியத்துக்குப் புறாவும் மயிலும் வரும். சுற்றுலாக்காரர்கள் எறியும் பண்டத்துக்குக் குரங்கு இறங்கும். அடிபட்டுச் செத்ததைத் தின்ன நரி வரும், அதுவும் அடிபடும். ஒரு சாவு இன்னொரு சாவை அழைத்து வருகிறது.

கடைசி நொடியில் அவை ஏன் ஓடிவிடுவதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. இருட்டுக்குப் பழகிய கண்ணில் முகப்பு விளக்கின் ஒளி பாய்ந்ததும் பார்வை கூசிப்போகிறது. மான் நின்றுவிடும். காட்டுமுயல் வெளிச்சத்தை விட்டு விலகாமல் அதற்குள்ளேயே ஓடும். ஓட்டுகிறவரின் கணக்கும் லேசானதல்ல. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது வண்டி. கண்ணில் பட்டு, கால் பிரேக்குக்குப் போய், வண்டி நிற்பதற்குள் 55 மீட்டருக்கு மேல் கடந்திருக்கும். தாழ்வாக வைத்த விளக்கு காட்டும் தூரமோ ஏறக்குறைய 40, 50 மீட்டர்தான். அதாவது, மான் தெரியும்போதே காலம் கடந்துவிட்டது. அதே வண்டி 40 கிலோமீட்டரில் போனால் 20, 25 மீட்டருக்குள் நின்றுவிடும். மானுக்கு மட்டுமல்ல, வண்டியில் இருப்பவர்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. எதிரே நிற்பது யானையாகவும் இருக்கலாம்.

ஆண்டுக்கு எத்தனை பிராணிகள் இப்படிச் சாகின்றன என்ற கேள்விக்குச் சரியான பதில் கிடைப்பது கடினம். சாலை தன் தடயத்தைத் தானே அழித்துவிடுகிறது. இரவில் நசுங்கிய தவளையை விடியலில் காகம் கொத்திப் போகும். மிச்சத்தைப் பத்து மணிக்குள் டயர்கள் துடைத்துவிடும். எண்ணப்போகிறவர் எவ்வளவு சீக்கிரம் எழுந்தாலும் அவர் எழுதும் எண் குறைவான எண்தான். சாவிலும் அந்தஸ்து வேறு இருக்கிறது. புலி செத்தால் விதிப்படி பிரேதப் பரிசோதனை உண்டு. நகம், பல்லோடு சேர்த்து எரிக்கும்வரை சாட்சிகள் உண்டு. மானுக்கு நான்கு வரிச் செய்தி. மரநாய்க்கும் உடும்புக்கும் அதுவும் இல்லை.

செத்ததைக் காண்பது ஒரு துக்கம் என்றால் சாகாமல் கிடப்பதைக் காண்பது அதைவிடப் பெரிய துக்கம். காட்டோரச் சாலையில் ஒரு புள்ளிமான் பின்னங்கால் முறிந்து கிடக்கிறது. நல்ல மனது படைத்த நாலு பேர் வண்டியை நிறுத்துகிறார்கள். ஒருவர் பாட்டில் தண்ணீரை அதன் வாயில் ஊற்றுகிறார். ஒருவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறார். குழந்தைகள் தடவிக் கொடுக்கிறார்கள். யாரோ படம் எடுக்கிறார்கள். மான் துள்ளவில்லை, கத்தவில்லை. அமைதியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். சற்று நேரத்தில் அது செத்துப்போகிறது.

மானைப் பொறுத்தவரை தன்னைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் வேட்டைக்காரர்கள்தான். பிடிபட்ட பயத்தின் அதிர்ச்சியே மான் இனத்தைக் கொல்லக்கூடியது என்பது கால்நடை மருத்துவர்களுக்குத் தெரிந்த உண்மை. வாயில் ஊற்றும் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கவும் கூடும். செய்ய வேண்டியது மிகக் குறைவு: வண்டிகளை விலக்கிவிடுவது, கூட்டத்தை எட்டி நிறுத்துவது, சத்தத்தை அடக்குவது, வனத்துறைக்குத் தகவல் சொல்வது. வழியிலுள்ள சோதனைச் சாவடியில் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ள அரை நிமிடம் போதும். தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு போவது இரக்கமாகத் தோன்றலாம். ஆனால் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் உள்ள விலங்கு செத்துக் கிடந்தாலும் அது அரசின் சொத்து. எந்த வகையில் அது ஒருவர் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவித்தாக வேண்டும்.

பரிகாரம் இல்லாத துக்கமா இது? இல்லை என்பதற்கு நாட்டிலேயே உதாரணங்கள் உண்டு. கர்நாடகத்தின் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தை இரண்டு நெடுஞ்சாலைகள் ஊடுருவுகின்றன. ஒன்று ஊட்டிக்கு, மற்றது வயநாட்டுக்கு. 2009-ல் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை இவற்றில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அவசர ஊர்திகளுக்கும் ஒருசில பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு. 2010 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. கேரளம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2019-ல், பகலிலும் சாலை மூடப்படுமோ என்ற பேச்சு எழுந்தபோது சுல்தான் பத்தேரியில் இளைஞர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் காட்டுக்கு விரோதிகள் அல்ல. மைசூர் ஆஸ்பத்திரியையும் பெங்களூர் வேலையையும் காய்கறிச் சந்தையையும் நம்பியிருப்பவர்கள்.

திம்பத்திலும் இதே கதைதான். சத்தியமங்கலம் காட்டின் நடுவே 27 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் அந்தச் சாலையில் இரவுத் தடை விதித்து 2019-லேயே ஆட்சியர் உத்தரவு பிறந்தது. காகிதத்தில் கிடந்த உத்தரவு சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான், 2022 பிப்ரவரியில், சாலைக்கு வந்தது. தாளவாடி மலை விவசாயிகள் போராடினார்கள். பறித்த காய்கறி காலைக்குள் சந்தைக்குப் போகாவிட்டால் அழுகிவிடும் என்பது அவர்கள் பக்க நியாயம். பிறகு உள்ளூர்க்காரர்களுக்குச் சலுகைகள் கிடைத்தன. காட்டின் தூக்கத்துக்கு யாராவது விலை கொடுக்க வேண்டும் என்றால், அதை மலைவாசியின் தலையில் மட்டும் கட்டுவது முறையல்ல.

சாலையை மூடாமலும் வழி உண்டு. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிவரை வரும் 44-ம் எண் நெடுஞ்சாலை, நாக்பூருக்கும் சிவனிக்கும் இடையே பெஞ்ச் புலிகள் காப்பகத்தைக் கடக்கிறது. அதை நான்கு வழியாக அகலப்படுத்தும் வழக்கு பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் நடந்தது. முடிவில், மகாராஷ்டிரப் பகுதியில் மட்டும் ஒன்பது இடங்களில் சாலையைத் தூக்கிக் கட்டி விலங்குகளுக்குக் கீழே வழி விட்டார்கள். மிக நீளமானது 750 மீட்டர். விலங்குகள் அவற்றில் நுழையுமா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு 2019-ல் கேமராக்கள் பதில் சொல்லின. பதினெட்டு வகைக் காட்டு விலங்குகள் மேலே லாரிகள் ஓடக் கீழே நடந்து போயின. அவற்றில் புலியும் உண்டு.

செலவு குறைந்த வழிகளும் இருக்கின்றன. வால்பாறை புதுத்தோட்டம் அருகே சிங்கவால் குரங்குகள் சாலையில் இறங்காமல் கடக்க மரத்துக்கு மரம் தொங்குபாலங்கள் கட்டப்பட்டன. குரங்குக் கூட்டம் கடக்கும் நேரத்தில் வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்ல ஆட்களும் நியமிக்கப்பட்டார்கள்.

இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான கரிசனம் என்று நினைப்பவர்கள் அகநானூற்றின் நான்காம் பாட்டைப் புரட்டலாம். குறுங்குடி மருதனார் பாடிய முல்லைப் பாட்டு. வினை முடித்து, காத்திருக்கும் தலைவியிடம் திரும்பும் தலைவனுக்கு அவசரம் இல்லாமலா இருக்கும்? ஆனாலும் அவன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். வழியோரச் சோலையில் பூந்தாது உண்ணும் வண்டுகள் அந்த ஓசைக்கு மிரண்டுவிடக் கூடாதாம். தேரில் அடிபடும் என்றல்ல. மிரளும் என்றே தயங்கியிருக்கிறான்.

இன்றைய தேரோட்டிக்கு அவ்வளவு நுட்பம் தேவையில்லை. ‘யானைகள் கடக்கும் இடம்’ என்ற பலகை, தான் கடந்து போவதற்கான அலங்காரம் அல்ல என்று தெரிந்தால் போதும். பாலமும் தடையும் வேகத்தடையும் எங்கே வேண்டும் என்று தீர்மானிக்க, எங்கே, எந்த நேரத்தில், எது செத்தது என்ற குறிப்புதான் முதல் ஆதாரம். அதைத் தரக்கூடியவர்கள் அன்றாடம் அந்த வழியே போகிறவர்கள்தான்: பால் வண்டிக்காரர், பேருந்து நடத்துநர், நடைப்பயிற்சிக்குப் போகிறவர், ஜன்னலோரக் குழந்தையின் அப்பா. அடுத்த தடவை அந்தக் குழந்தை “அது என்ன?” என்று கேட்கும்போது அருவியைக் காட்டாமல், இடத்தைக் குறித்துக்கொள்ளலாம். வாகனத்துக்கு அடையாளம் தெரியாமல் போகட்டும். இடத்துக்கு உண்டு. கிலோமீட்டர் கல்லிலேயே எழுதியிருக்கிறது.