ஆள் நடமாட்டமில்லாத மலைச் சாலை

ஸ்பெயின் தேசம் என்றதும் நம் ஜனங்களுக்கு இரண்டு விஷயங்கள் ஞாபகத்துக்கு வரும். ஒன்று காளைச் சண்டை, மற்றொன்று கால்பந்து. சற்று அதிகம் படித்தவர்களாயிருந்தால் காற்றாலையோடு சண்டை போட்ட கிழட்டு வீரனையும் சேர்த்துக் கொள்வார்கள். அந்தத் தேசம் ஐரோப்பாவில் மலைகள் மலிந்த தேசங்களுள் ஒன்று என்பதும், அதன் சராசரி உயரமே கடல் மட்டத்துக்கு மேல் 600 மீட்டரைத் தாண்டும் என்பதும், பூகோளப் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்து போகிற சமாசாரங்கள்.

நேயர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். மாட்ரிட் நகரில் மேல்படிப்புப் படிக்கும் அவருடைய குமாரனும் தோழர்களும் சைக்கிளில் ஒரு வாரம் கிராமாந்தரங்களைச் சுற்றி வர விரும்புகிறார்களாம். "மலைப் பிரதேசமாக இருக்க வேண்டும், மோட்டார் தொந்தரவு கூடாது. எங்கே போகலாம்? பையனை அனுப்பலாமா?" என்று கேட்கிறார். முதற் கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டே போனால் இரண்டாவதற்கும் விடை கிடைத்துவிடும்.

மலைச் சாலைக்குப் பெயர் போன இடம் வேண்டுமென்றால் மயோர்க்கா தீவைச் சொல்லலாம். அங்கே ஸா கலோப்ரா என்னும் கடலோரத்துக்கு இறங்கும் சாலையை 1932-ல் பரியெத்தி என்ற எஞ்சினீயர் அமைத்தார். கழுத்துப் பட்டையின் முடிச்சைப் போல ஓரிடத்தில் சாலை தன்னைத் தானே சுற்றிக்கொண்டு தன் மேலேயே பாலம் போட்டுக் கடக்கிறது. பார்க்க வேண்டிய அற்புதந்தான். ஆனால் உலகத்துச் சைக்கிள்காரர்கள் எல்லாம் அங்கேதான் கூடுகிறார்கள். போதாக்குறைக்கு உல்லாசப் பிரயாண பஸ்கள் வேறு. அமைதியைத் தேடுகிறவர்கள் தேர் திருவிழாவுக்குப் போவானேன்?

நமது யோசனை தெருவேல் மாகாணம். இது அரகோன் பிரதேசத்தின் தென்கோடியில் இருக்கிறது. பரப்பு ஏறக்குறைய 14,800 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை சுமார் 1,35,000. சதுர கிலோமீட்டருக்கு ஒன்பது பேர் என்று கணக்காகிறது. ஸரகோஸாவிலிருந்து வாலென்சியாவுக்குப் போகும் ரயில் பாதையில் தெருவேல் நகரம் இருக்கிறது. இறங்கி அங்கிருந்தே சைக்கிளில் ஏறிவிடலாம்.

நகரத்திலிருந்து அல்பராசின் என்னும் ஊர் ஏறத்தாழ 38 கிலோமீட்டர். முதலில் சிறிது தூரம் பெரிய சாலையில் லாரிகளோடு போக வேண்டியிருக்கும். மேற்கே திரும்பிவிட்டால் குவாதலவியார் நதியின் கரையோடு சாலை வளைந்து வளைந்து செல்லும். மொத்தமாக ஏறும் உயரம் 250 மீட்டரைச் சுற்றித்தான். அத்தனை தூரத்தில் பரவியிருப்பதால் முழங்காலுக்குத் தெரியாது. வழியில் ஹேயா என்ற கிராமத்தின் அருகே பாறையைக் குடைந்து செய்த கால்வாயைக் காணலாம். ரோமானியர்கள் முதல் நூற்றாண்டில் அல்பராசின் பக்கத்து ஆற்று நீரை செல்யா என்ற ஊருக்கு 25 கிலோமீட்டர் கொண்டு போவதற்காக வெட்டியது அது. அல்பராசின் செம்மண் நிறக் கட்டிடங்களின் ஊர். ஆறு அதை முக்கால் வட்டமாகச் சுற்றி ஓட, பழைய கோட்டை மதில் மலைமேல் ஏறிப் போகிறது. மத்திய காலத்தில் இதை ஆண்ட பெர்பர் வம்சத்தாரான பனூ ராசின்களின் பெயரே ஊருக்கு நிலைத்துவிட்டது.

இரண்டாம் நாள்தான் உண்மையான மலை. திராமகஸ்தீய்யா, நொகேரா கிராமங்களைத் தாண்டி, பைன் மரக் காட்டுக்குள் 1,600 மீட்டருக்கு மேல் உள்ள ஒரு கணவாய் வரை ஏறி, ஒரிவேலா தெல் திரெமெதாலில் இறங்க வேண்டும். இங்கே "கல் ஆறுகள்" என்று பெயர் பெற்ற ஓர் அதிசயம் உண்டு. பூர்வகாலக் கடுங்குளிரில் பனி உறைந்து உருகி உறைந்து பாறைகளைப் பிளந்தது. அந்தக் கற்கள் சரிவுகளில் ஆற்றைப் போலவே நீண்டு கிடக்கின்றன. இராத் தங்குவதற்குப் பக்கத்திலே பிரோன்சாலெஸ் இருக்கிறது. சுமார் 1,570 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். ஆகஸ்டு மாதத்திலும் இராத்திரிக்குக் கம்பளி வேண்டும்.

மூன்றாம் நாள் கிரியேகோஸ், குவாதலவியார் கிராமங்களின் வழியாகத் தாஹோ நதியின் உற்பத்தி ஸ்தானத்துக்குப் போகலாம். 1,007 கிலோமீட்டர் ஓடி லிஸ்பன் நகரத்தில் அட்லாண்டிக் மகா சமுத்திரத்தில் விழும் அந்த மகாநதி, இங்கே ஒரு பையன் தாண்டிவிடக் கூடிய ஓடைதான். பக்கத்து மலையிலேயே பிறக்கும் குவாதலவியாரோ தெருவேல் நகரத்துக்குப் பிறகு தூரியா என்று பெயர் மாறி மத்தியதரைக் கடலில் கலக்கிறது. அருகருகே விழும் இரண்டு மழைத் துளிகள் இரண்டு வேறு கடல்களுக்குப் போகும் இடம் இது. பிறகு பிரியாஸ், ரொயுவேலா வழியாக அல்பராசினுக்கே திரும்பி வந்துவிடலாம்.

இந்தப் பக்கத்து ஆட்டு மந்தைகளில் சில இன்றும் மாரிக்காலத்துக்குக் கால்நடையாகவே தெற்கே ஆந்தலூசியாவுக்குப் போகின்றன. சாலையில் மந்தை வந்தால் இறங்கி நிற்பதே மரியாதை. ஆட்டுப் பாதைகள் அங்கே சட்டத்தால் காக்கப்பட்டவை. 1995-ம் வருஷத்துச் சட்டம் அவற்றுக்கு உண்டு. ஆடுகளுக்கு அங்கே நம்மைவிட உரிமை பழையது.

மலை ஏற்றத்துக்கு அஞ்சுகிறவர்களுக்கு வேறொரு வழி உண்டு. ஓஹோஸ் நெக்ரோஸ் சுரங்கத்திலிருந்து இரும்புத் தாதுவைக் கடற்கரையில் உள்ள சகுந்தோவுக்குக் கொண்டு செல்ல 1907-ல் ஒரு ரயில் ஓடத் தொடங்கியது. 1972-ல் அது நின்று போயிற்று. தண்டவாளத்தை எடுத்துவிட்டு அந்தத் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். சுமார் 160 கிலோமீட்டர். பாரம் இழுக்கும் ரயில் செங்குத்தாக ஏற மாட்டாதாகையால் பாதையும் சாதுவாகவே இருக்கிறது. ஆனால் பல இடங்களில் மண் தரை. பந்தய சைக்கிளின் ஒல்லி டயர் அதற்கு உதவாது.

ஏற்றத்தில் ஒரு சூத்திரம் உண்டு. நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் ஏறும் சாலையில் பலத்தைக் காட்டுகிறவன் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவான். சிறிய பல்சக்கரத்தில் சங்கிலியைப் போட்டு, பேச்சு மூச்சு இரண்டும் நிற்காத வேகத்தில் மிதிக்கிறவன் உச்சிக்குப் போய்ச் சேருவான். இந்தக் கலையில் ஸ்பெயினின் பேராசான் தொலேதோவைச் சேர்ந்த பெதரிக்கோ பஹமோந்தெஸ். 1959-ல் பிரான்ஸ் தேசத்துப் பெரும் பந்தயத்தை வென்ற முதல் ஸ்பானியர் அவர். 2023-ல் தமது 95-வது வயதில் காலமானார். ஒரு மலையுச்சிக்கு எல்லாருக்கும் முன்னால் போய், ஐஸ்கிரீம் தின்றுகொண்டு மற்றவர்களுக்காக அவர் காத்திருந்த கதை பிரசித்தமானது. ஏற்றத்தில் கழுகான அவருக்கு இறக்கத்தில் மட்டும் பயம் உண்டு. அந்தப் பயத்தை இளைஞர்கள் அவரிடமிருந்து அவசியம் கற்றுக்கொள்ள வேண்டும்.

பெற்றோர்களின் கவலைக்கு ஸ்பானியச் சட்டம் ஓரளவு மருந்து வைத்திருக்கிறது. சைக்கிளைத் தாண்டும் மோட்டார் குறைந்தது ஒன்றரை மீட்டர் விலகிப் போக வேண்டும். ஒரே திசையில் இரண்டு தடமுள்ள சாலையானால் தடத்தையே மாற்றிக்கொள்ள வேண்டுமென்று 2022 முதல் விதி. சைக்கிள்காரர்கள் இருவர் இருவராகப் போகலாம். கூட்டமாகப் போகும்போது முதல் ஆள் சந்தியில் நுழைந்துவிட்டால், பின்னால் வரும் அனைவரும் ஒரே வண்டியாகக் கருதப்படுவார்கள்! நம்மவர் கவனிக்க வேண்டியது, அங்கே சாலையின் வலது பக்கமாகப் போக வேண்டும் என்பதை. ஊருக்கு வெளியே தலைக்கவசமும் கட்டாயம். பையனுக்கு இவற்றில் சிரத்தை இருக்குமானால் தாராளமாக அனுப்பலாம். மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் நல்லவை. மாரிக்காலத்தில் வேண்டாம், இதே மாகாணத்தில் கலமோச்சா என்ற ஊரில் 1963 டிசம்பரில் உஷ்ணமானி பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை இறங்கியிருக்கிறது.

இனி, இந்தச் சாலைகள் ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கின்றன என்பதையும் பையன் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1900-ம் வருஷத்தில் இந்த மாகாணத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வாழ்ந்தார்கள். பிழைப்புத் தேடி அவர்கள் பார்ஸெலோனாவுக்கும் வாலென்சியாவுக்கும் ஸரகோஸாவுக்கும் போனார்கள். முக்கியமாக 1950-க்குப் பிறகு சாரி சாரியாகப் போனார்கள். 2016-ல் ஸெர்ஹியோ தெல் மொலினோ என்ற ஆசிரியர் எழுதிய புத்தகத்தால் "காலி ஸ்பெயின்" என்ற பெயர் பிரபலமாயிற்று. கிராமத்தார் அந்தப் பெயரைத் திருத்தினார்கள்: "காலி அல்ல, காலியாக்கப்பட்ட ஸ்பெயின்" என்றார்கள். இலக்கணம் போதிக்கும் நமக்கு இது பெரிய பாடம். செயப்பாட்டு வினையைச் சொன்னால், செய்தவர் யார் என்ற கேள்வி உடனே எழுந்துவிடுகிறது. ரயிலும் ஆஸ்பத்திரியும் சாலையும் கேட்டு 1999-ல் "தெருவேலும் இருக்கிறது" என்ற இயக்கம் பிறந்தது. 2019 நவம்பர் தேர்தலில் அது பார்லிமெண்டுக்கு ஒரு பிரதிநிதியையும் அனுப்பியது.

அங்கே பல கிராமங்களின் சிறு வகுப்புகளைச் சேர்த்து ஒரே பள்ளிக்கூடமாகக் கணக்கிடும் ஏற்பாடு உண்டு. பிள்ளைகள் தங்கள் ஊரிலேயே இருக்க, உபாத்தியாயர்களில் சிலர் ஊர் ஊராகப் போய்ப் பாடம் சொல்லுகிறார்கள். அதைப் போலவே கடை, சிற்றுண்டிச் சாலை, விடுதி மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் ஸ்தாபனங்களும் இந்த மாகாணத்துக் கிராமங்களில் உண்டு. பெரும்பாலும் கட்டிடம் ஊராட்சியுடையது. நடத்துவது ஒரு குடும்பம். அந்தக் குடும்பம் மூட்டை கட்டினால் கிழவர்களுக்கு ரொட்டி கிடையாது. சீட்டாட மேஜை கிடையாது. பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகளும் குறைவார்கள்.

சைக்கிள்காரன் குடிக்கும் ஒரு கோப்பைக் காப்பியால் ஒரு கிராமம் பிழைத்துவிடுமா என்று சிலர் கேட்பார்கள். பிழைக்காதுதான். ஆயினும் வாரத்தின் நடுவில், வேறு எவரும் வராத நாளில் வருகிறவன் அவன். காரில் வருகிறவன் பட்டணத்தில் சாப்பிட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போய்விடுவான். சைக்கிளில் வருகிறவனோ இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை பசிக்கிறவன். ஆகையால் ரொட்டியையும் பழத்தையும் பட்டணத்திலிருந்து மூட்டையாகச் சுமந்து போக வேண்டாம். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை கடைகள் சாத்தியிருக்கும் என்பதை மனத்தில் வைத்து, அதற்கு முன்பே போய்ச் சேர்ந்து, அந்த ஊரிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இராத் தங்கலும் அந்த ஊரிலேயே. ஊர் நடுவிலுள்ள குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது, அது குடிக்கத் தக்கதா என்று அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவரைக் கேட்கலாம். அறிவிப்புப் பலகையைப் படித்தே தெரிந்துகொள்ளலாமாயினும், பெரியவரைக் கேட்பதே விசேஷம். அவருக்குப் பேச ஆள் கிடைத்து எத்தனை நாளாயிற்றோ!