காய்கறித் தோலில் ஓடும் பஸ்!

மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் சிட்டி பஸ்கள் பல எதில் ஓடுகின்றன தெரியுமா? வீடுகளில் மிஞ்சிய சோறு, காய்கறித் தோலில் இருந்து எடுத்த வாயுவில்!

2022-ல் அங்கே திறக்கப்பட்ட ஆலை, தினமும் 550 டன் மட்கும் குப்பையைக் கையாளக்கூடியது. காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிரிகள் குப்பையைச் செரித்து எரிவாயு தரும். அதிலிருந்து கரியமில வாயுவை நீக்கி, மீத்தேனை அழுத்தி அடைத்தால் சி.என்.ஜி. வண்டிக்கு அப்படியே போடலாம்.

இதை நாடெங்கும் பரப்ப 2018-ல் மத்திய அரசு ‘சதத்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. இலக்கு 5,000 ஆலைகள். கெடு முடிந்தபோது நூறுகூட இயங்கவில்லை. அடுத்து, சி.என்.ஜி.யிலும் குழாய்வழி சமையல் வாயுவிலும் இந்த வாயுவைச் சேர்ப்பது கட்டாயமானது. 2025-26-ல் 1 சதவிகிதம், 2028-29-ல் 5 சதவிகிதம்.

ஆக, வாங்க ஆள் உண்டு. நல்ல குப்பை? பிளாஸ்டிக்கும் டயப்பரும் கலந்து வந்தால் ஆலை திணறும். இந்தூர்வாசிகள் வீட்டிலேயே பிரித்துத் தருகிறார்கள். நிறுவனங்களுக்குச் சட்டம் போட்டாயிற்று. நம் வீட்டில் இரண்டாவது குப்பைக்கூடையை நாம்தான் வைக்கவேண்டும். இன்றைக்கே வைப்போமா?